பின்னாலிருந்து ஒரு ‘எரியுது’

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நள்ளிரவு கிடையாது. நாய் ஊளையிடவில்லை. மழை, மின்னல், கரண்ட் கட் எதுவும் இல்லை. எல்லாம் நடந்தது பட்டப்பகலில், பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் நடுவில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அன்று நான் தூங்கி வழியவும் இல்லை. என் வலது உள்ளங்கையில் ஒரு வடு இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் கடைக்கு வந்தால் காட்டுகிறேன்.

வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன் நான். தகரக் கூரை போட்ட சின்ன ஷெட். மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைத்தால் ஒரு வேன் நிற்கும். பத்து வருஷமாக அந்தக் கடையை நானும் என் மச்சானும் சேர்ந்துதான் நடத்தினோம். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரன். அவன் தங்கையைத்தான் நான் கட்டினேன். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாப்ளே என்பான். ஊருக்கு அவன் ‘பல்பு’.

அந்தப் பட்டப்பெயருக்கு இரண்டு காரணம். யார் எதைச் சொன்னாலும் நம்பி ஏமாந்து பல்பு வாங்கிக்கொண்டு வருவான் என்பது ஒன்று. இன்னொன்று, எல்இடி விளக்கைக் கண்டாலே அவனுக்குப் பிடிக்காது. “பல்புன்னா சுடணும் மாப்ளே. தொட்டா சுடலைன்னா அது விளக்கே இல்லை, வெறும் படம்” என்பான்.

இண்டிகேட்டர் வேலையை ஒரே ஆளாகப் பார்ப்பது கஷ்டம். ஒருவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவிட்ச் போட வேண்டும். இன்னொருவன் பின்னால் நின்று விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் முன்னால், அவன் பின்னால். பத்து வருஷமும் இதே பாட்டுதான்.

“லெஃப்ட்டு?”

“எரியுது.” டப்.

“ரைட்டு?”

“எரியுது.” டப்.

அந்த ‘டப்’ அவனுடைய முத்திரை. வண்டியின் பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு. சரியாக இருக்கிறது, அடுத்ததுக்குப் போ என்று அர்த்தம். தட்டவில்லை என்றால் எங்கேயோ கோளாறு, இறங்கி வா என்று அர்த்தம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மச்சான் இறந்துபோனான். இதே ஷெட்டில், வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சரக்கு வேன் தீப்பிடித்ததில். அதைப் பற்றி அதற்கான இடத்தில் சொல்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. சுடுகாட்டில் அழவில்லை. பதினாறு நாளும் அழவில்லை. “கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கான்” என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். அன்றைக்குக் குடித்த புகையில் மூக்கும் போய்விட்டது. ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரமே கருகிவிட்டது. பக்கத்தில் நாற்காலி போட்டு நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மச்சான் இருந்த இடத்தில் ஒரு நிலைக்கண்ணாடி வைத்தேன். எவரோ தூக்கிப்போட்ட டிரெஸ்ஸிங் டேபிளில் இருந்து கழற்றியது. ஷெட்டின் பின்சுவரில் சாய்த்து வைத்தால், டிரைவர் சீட்டில் இருந்தபடியே பக்கக் கண்ணாடி வழியாகப் பின் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளலாம். பேச்சுக்கு ஆள் தேவையில்லை. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

மணி 12:20. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அக்கா ஹார்னை அழுத்திக்கொண்டே வந்து நின்றார். ஐம்பது வயது. குரலே இரண்டு ஹார்னுக்குச் சமம்.

“தம்பி, போன வாரம் எவனோ ஒருத்தன் பின்னாடி இடிச்சிட்டான்னு ரைட்டு லைட்டை எல்இடியா மாத்தினேன். அதுல இருந்து ரைட்டு இண்டிகேட்டர் பைத்தியம் பிடிச்ச மாதிரி அடிக்குது. எனக்கு ஏதோ தலை போற அவசரம்னு நினைச்சு எல்லாரும் ஒதுங்கி வழி விடுறாங்க.”

“நல்லதுதானேக்கா.”

“நல்லதுதான். பெத்தவங்க புகார் சொல்றாங்களே. ரெண்டரைக்கு வண்டி வேணும். மூணு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுடும். பன்னெண்டு பிள்ளைங்க. அதுல உன் மருமகளும் ஒருத்தி, ஞாபகம் இருக்கட்டும்.”

மருமகள் என்று அக்கா சொன்னது மச்சானின் மகளை. ஏழு வயது.

“கடைசி வரிசை, இடது பக்கம் ஜன்னலோரம். அந்த சீட்டுல வேற யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தா கடிச்சு வச்சிடுவா.” அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். “ஏன்டா இப்படி இருக்க? ஃபியூஸ் போன மாதிரி.”

“ஒண்ணும் இல்லக்கா. சாப்பிட்டு வாங்க.”

எங்கள் தொழிலில் இது ரொம்பச் சாதாரணமான கோளாறு. இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கிற பழைய ஃப்ளாஷர் ரிலே, விளக்கு இழுக்கிற கரண்ட்டைப் பார்த்துத்தான் துடிக்கும். ஒரு பல்பு போய்விட்டால் கரண்ட் குறையும். உடனே அது வேகமாக அடித்து டிரைவரை எச்சரிக்கும். எல்இடி நன்றாகவே எரிந்தாலும் துளிக் கரண்ட்தான் குடிக்கும். உயிரோடு எரிகிற விளக்கைச் செத்துவிட்டதாக நினைத்து ரிலே பதறும். அவ்வளவுதான்.

வைத்தியம் இரண்டு. ஒன்று, எல்இடிக்கென்று வருகிற ரிலேவை மாற்றுவது. இன்னொன்று, லோடு ரெசிஸ்டர். விரல் நீளத்தில், தங்க நிறத்தில் ஒரு உலோகத் துண்டு. வயரில் அதைச் சேர்த்துவிட்டால் பல்பு குடிக்கிற கரண்ட்டை அது குடிக்கும். வெளிச்சம் தராது, சூடு மட்டும் தரும். சில நிமிஷத்திலேயே தொட முடியாதபடி கொதிக்கும். அதனால் வண்டியின் வெறும் இரும்பில் ஸ்க்ரூ போட்டு முடுக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் டேப் சுற்றி வைக்கக் கூடாது.

இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவசரத்தில் டேப்பைத்தான் சுற்றுவோம். ‘இப்போதைக்கு’ என்று சொல்லிக்கொள்வோம்.

சரக்கு வேனுக்குப் பிறகு நான் ரெசிஸ்டரைக் கையால் தொடுவதில்லை.

12:35. வேலையை ஆரம்பித்தேன். ரைட்டு முன் விளக்கு சரி. பின் விளக்கு சரி. எர்த் வயர் துருப்பிடித்திருந்தது. சுரண்டி முடுக்கினேன். அப்படியும் ரைட்டு வேகமாகவே அடித்தது. டக்டக்டக்டக். லெஃப்ட்டு மட்டும் ஒழுங்காக. டிக்... டக்... டிக்... டக்...

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். லெஃப்ட்டு பின் விளக்கும் எல்இடிதான். அதே ரிலே. அப்படி இருக்கும்போது லெஃப்ட்டு மட்டும் எப்படி ஒழுங்காக அடிக்கும்? வேலை கற்றுக்கொள்ள வந்த முதல் மாதத்திலேயே யாருக்கும் தோன்ற வேண்டிய கேள்வி. எனக்குத் தோன்றவில்லை. கண் பார்த்தது. மண்டைக்குள் போகவில்லை.

12:55. சாமான் கடைக்குப் போன் செய்தேன். எல்இடி ரிலே இரண்டு மணிக்குள் வந்துவிடும் என்றார்கள். நாலு விளக்கையும் சேர்த்து ஓடவிட்டு, டெஸ்ட் லேம்ப்பால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தேன். பிறகு டூல் பெட்டி மேல் உட்கார்ந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. விளக்கு அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் போயிருக்கும். அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

1:17. எழுந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பின்கதவை மேலே தூக்கி வைத்திருந்ததால் நிலைக்கண்ணாடி மறைந்துவிட்டது. விளக்கு தெரியவில்லை. லெஃப்ட்டு போட்டேன். ஏதோ பழைய ஞாபகத்தில், வாய் தானாகக் கேட்டது.

“லெஃப்ட்டு?”

“எரியுது.” டப்.

“ரைட்டு?”

“எரியுது.” டப்.

சுவிட்ச்சை அணைத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். இரண்டு மடக்குக் குடித்தேன். மூடியைத் திருகினேன்.

அப்போதுதான் உறைத்தது.

பின்னால் யாரும் இல்லை.

இறங்கி வேனைச் சுற்றி வந்தேன். ஷெட்டில் நான் மட்டும்தான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே தெருவில் வெயில். எதிர்க் கடை மர நாற்காலியில் ஒரு பூனை. நிலைக்கண்ணாடியில் என் கால்கள் தெரிந்தன. என்னுடையவை மட்டும்.

பயந்தேனா? இல்லை. அதுதான் இப்போது நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே வரவில்லை. காதுதான் ஏதோ பழசைக் கேட்டிருக்கிறது என்று நினைத்தேன். திரும்பப் போய் உட்கார்ந்தேன்.

1:26. லெஃப்ட்டு போட்டேன்.

“லெஃப்ட்டு?”

“எரியுது.” டப்.

தகரம் அதிர்ந்தது. அந்த அதிர்வு சீட்டு வழியாக என் முதுகுக்கு வந்தது.

அவன் குரல். ‘எரி’யைக் கொஞ்சம் இழுத்து, ‘யுது’வை விழுங்குகிற அதே குரல். வெற்றிலை போட்ட வாய் மாதிரிக் குழைந்து வரும் என்று நான் கேலி செய்கிற குரல்.

அடுத்து நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேறு எவனாக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பான். நான் மறுபடியும் லெஃப்ட்டு போட்டேன்.

“லெஃப்ட்டு?”

“எரியுது.” டப்.

மறுபடியும்.

“எரியுது.” டப்.

மறுபடியும். மறுபடியும். இறங்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவான் என்று தோன்றியது. அணைத்துப் போட வேண்டும் என்றுகூட இல்லாமல், லெஃப்ட்டை அப்படியே ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிக்... டக்... எட்டு மாதம் கழித்துக் கேட்கிறேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் அவன் சொல்லவில்லை. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

எத்தனை தடவை என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தபோது மணி 2:04.

போதும் என்று சுவிட்ச்சை அணைத்தேன். ரிலே நின்றது. ஷெட் அமைதியானது.

“எரியுது.”

நான் கேட்கவில்லை. சுவிட்ச் போடவில்லை. சாவியைக்கூட அணைத்துவிட்டேன்.

‘டப்’ வரவில்லை.

எல்இடிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கேயாவது துளி கரண்ட் கசிந்தால், அணைத்த பிறகும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். அதைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். இறங்கிப் போனேன். லெஃப்ட்டு பின் விளக்கைக் கையால் மூடி, விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

இருட்டு. செத்த விளக்கு.

“எரியல மச்சான்” என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“எரியுது.”

இப்போது குரல் கொஞ்சம் பக்கத்தில். பின்னால் இல்லை. வேனுக்குள்ளே. கடைசி வரிசை.

2:07.

“எரியுது...”

தட்டு இல்லை.

இப்போது அந்தச் சரக்கு வேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால், அந்த வேனின் மூடிய பெட்டிக்குள் மச்சான் உட்கார்ந்திருந்தான். உள்ளிருந்தபடியே துவாரம் வழியாகப் பின் விளக்கைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் முன்னால். லெஃப்ட்டு, ரைட்டு, பிரேக், ரிவர்ஸ். எல்லாவற்றுக்கும் ‘எரியுது’ வந்தது. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் வந்தது. எரியுது. நான் சொன்னேன்: “சரி மச்சான்.” மறுபடியும் வந்தது. எரியுது. நான் பில் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டே சொன்னேன்: “சரி, சரி, முடிஞ்சுது. இறங்கு.” மூன்றாவது தடவை அவன் கத்தினான். நிமிர்ந்து பார்த்தேன். என் காலுக்கடியில் புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து கீழே குதித்தேன். பின்பக்கத் தாழ்ப்பாளைத் தொட்டபோது அது கையில் ஒட்டியது.

பெட்டிக்குள் பலகையில் டேப் சுற்றி ரெசிஸ்டர் வைத்தவன் நான்தான். இப்போதைக்கு என்று.

விளக்கு எரிகிறது என்று சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

மூன்று தடவையும் ‘டப்’ இல்லை. அதைக் கவனிக்கவில்லை.

அன்றுவரை இது என் மனைவிக்குத் தெரியாது. போலீஸுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

2:09.

“மாப்ளே...”

கடைசி வரிசை. இடது பக்கம். ஜன்னலோரம்.

“...எரியுது!”

ஓடினேன்.

கடைசி சீட்டுக்கு மேல் ஏறினேன். யாரும் இல்லை. ஜன்னல் கம்பியில் யாரோ கட்டிவிட்ட சின்ன ரிப்பன். பக்கத்துப் பிளாஸ்டிக் பலகை. கை வைத்தேன்.

சுட்டது.

விரலை விளிம்பில் விட்டுப் பிய்த்தேன். கிளிப்புகள் தெறித்தன. டக். டக். டக்.

உள்ளே கறுப்பு.

இருக்கைக்குப் பின்னால் அடைத்திருந்த ஸ்பாஞ்சில் ஒரு சிவப்புக் கோடு. பீடி நுனி மாதிரி. காற்று பட்டதும்... மூச்சு இழுப்பது போல... அது பெரிதானது.

நடுவில் தங்க நிறத்தில் ஒரு ரெசிஸ்டர்.

யோசிக்கவில்லை. உள்ளங்கையால் பிடித்து வயரோடு பிடுங்கினேன். ஸ்பாஞ்சைக் கிழித்து வெளியே எறிந்தேன். பாட்டில் தண்ணீர். பக்கெட் மண். ஈரச் சாக்கு. மிதித்தேன். மிதித்துக்கொண்டே இருந்தேன்.

2:14. அணைந்தது.

கையைப் பார்த்தேன். உள்ளங்கைத் தோல் வெள்ளையாக இருந்தது. அதன் பிறகுதான் வலித்தது. அப்படி ஒரு வலி. எட்டு மாதத்தில் என் உடம்பில் எனக்குத் தெரிந்த முதல் விஷயம் அந்த வலிதான்.

ரெசிஸ்டரில் பாதி டேப் உருகி ஒட்டியிருந்தது. மீதிப் பாதியில் டேப்பின் நுனி தெரிந்தது. அந்த நுனி முக்கோணமாக மடித்து விடப்பட்டிருந்தது. அடுத்த தடவை பிரிக்கிறவனுக்கு நகம் உடையக் கூடாது என்று, டேப் நுனியை முக்கோணமாக மடித்து விடுகிற ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

2:25. அக்கா வந்தார். பலகை கழன்று கிடப்பதையும், கருகிய ஸ்பாஞ்சையும், என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது.

“என்னடா ஆச்சு?”

ரெசிஸ்டரைக் காட்டினேன். “இதை யாருக்கா வச்சது?”

“உன் மச்சான்தான். ஒரு வருஷம் இருக்கும். லெஃப்ட்டு லைட்டை எல்இடியா மாத்தினப்ப அது இப்படித்தான் வேகமா அடிச்சுது. ரோட்டோரமா நிறுத்தி அஞ்சே நிமிஷத்துல சரி பண்ணிக் கொடுத்தாரு. ‘டேப் இப்போதைக்குத்தான்க்கா, பத்து நாள்ல கடைக்குக் கொண்டு வாங்க’ன்னாரு. நான்தான் சோம்பல்பட்டு விட்டுட்டேன். அப்புறம் அவரும்...”

அக்கா கருகிய ஸ்பாஞ்சைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

ஒரு வருஷம் எரியாதது இன்று ஏன் எரிந்தது என்று எனக்குத் தெரியும். ரோட்டில் இண்டிகேட்டர் என்பது பத்து நொடி வேலை. திரும்பினால் அணைந்துவிடும். நான்தான் நாலு விளக்கையும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் குரலைக் கேட்பதற்காக லெஃப்ட்டையே போட்டுப் போட்டு... நான் பற்றவைத்தேன். அவன் சொன்னான்.

இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன ரிலே 2:30க்குத்தான் வந்தது. ஒற்றைக் கையால் மாட்டினேன். இனி ரெசிஸ்டர் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒரே சீராக அடித்தன. எதற்கும் இருக்கட்டும் என்று வேன் முழுக்க எல்லாப் பலகையும் கழற்றிப் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை. 2:52க்கு அக்கா கிளம்பினார்.

வண்டியை எடுக்கும் முன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“அந்த இன்னொருத்தர் எங்க போயிட்டாரு? அவருக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லணும்ல?”

“யாருக்கா?”

“நடுவுல குடையை எடுத்துட்டுப் போக வந்தேன். ஒண்ணே முக்கால் இருக்கும். ஷட்டர்கிட்ட நின்னேன். உள்ள ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சுட்டு இருந்தீங்களே. நீ சிரிச்சே ரொம்ப நாளாச்சேன்னு, தொந்தரவு பண்ணாம திரும்பிட்டேன்.”

நான் சிரிக்கவில்லை. அன்று ஒரு தடவைகூட நான் சிரிக்கவில்லை.

வேன் திரும்பும்போது லெஃப்ட்டு போட்டார். டிக்... டக்... தெருமுனையில் மறைந்தது.

மாலை 7:40. மனைவி என் கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் பத்திரமாக வீடு வந்துவிட்டாள் என்று நாலு மணிக்கே போன் வந்திருந்தது. அப்போதுதான் சொன்னேன். இன்று நடந்ததை அல்ல. எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்ததை. அவன் கூப்பிட்டதை. நான் ‘சரி, சரி’ என்றதை.

திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் மருந்தை மூடி வைத்தாள்.

“இதைத்தான் இத்தனை நாளா மனசுல போட்டு வச்சிருந்தீங்களா?”

“ம்.”

“போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை நீங்க படிக்கவே இல்லையா?”

“இல்ல.”

“கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தது நீங்கதானே?”

வாங்கினேன். கவரைப் பிரிக்கவில்லை. பீரோவில் எங்கேயோ வைத்தேன். அவள் எழுந்து போய் எடுத்து வந்தாள். அவள் அதைப் பல தடவை படித்திருக்கிறாள். மடிப்பு நைந்திருந்தது.

“அண்ணன் நெருப்புல சாகலைங்க. அதுக்கு முன்னாடியே மாரடைப்புல போயிட்டான். உட்கார்ந்த இடத்துலயே. இங்க பாருங்க, மூச்சுக்குழாய்ல ஒரு பொட்டுப் புகைக்கரி இல்லைன்னு போட்டிருக்கு. நெருப்பு பிடிச்சப்போ அவனுக்கு மூச்சே இல்லை. துடிக்கலை, கஷ்டப்படலை. இந்த ஒரு வரியை வச்சுத்தான் நான் எட்டு மாசமா தூங்குறேன். உங்களுக்கும் தெரியும்னு நினைச்சேன்.”

என் தோளில் கை வைத்தாள். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்து, பால் காய்ச்சப் போனாள்.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூச்சுக்குழாயில் புகைக்கரி இல்லை.

என் காலுக்கடியில் புகை வந்த பிறகுதான் அவன் மூன்றாவது தடவை கத்தினான். அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்ததால்தான் நான் குதித்தேன். அதனால்தான் இன்று இதைச் சொல்ல நான் மிஞ்சியிருக்கிறேன்.

அன்று நான் சுவிட்ச் போடப் போட அவன் வரிசையாகச் சொன்னான். லெஃப்ட்டு. ரைட்டு. பிரேக். ரிவர்ஸ். அதற்கு மேல் மூன்று. மொத்தம் ஏழு ‘எரியுது’.

அதில் அவன் உயிரோடு சொன்ன கடைசி ‘எரியுது’ எது என்று இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.